பி.எஸ்சி. இயற்பியலில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தாள், இப்போது பிளஸ் டூ சயின்ஸ். பி.எஸ்சி. இயற்பியல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்களோ, "இயற்பியல் படித்தால் டீச்சர் வேலைதான், கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்துவிடு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். அதற்கு முன்னால் அவளுக்குக் கணக்கு போடப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல்லூரி இயற்பியலில் முதல் வருடமே வெக்டர், டிஃபரென்சியல் ஈக்வேஷன் என்று கணக்கு வந்து நிற்கும். கருந்துளை வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த பிள்ளைகள் திணறுவது அங்கேதான்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சின்ன கல்லை நூலில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள்; கல்லின் நடுவரை சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும். லேசாக ஆட்டிவிட்டு, 20 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஒரு அலைவு) ஆகும் நேரத்தை போனில் எடுக்கட்டும். 40 விநாடி வரும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கம் 9.8 கிடைக்க வேண்டும். பல பிள்ளைகள் கையை விட்டதுமே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அப்படியானால் உண்மையில் நடந்தது 19 அலைவுதான், விடை 10.9 பக்கம் போய்விடும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இது எப்படித் தப்பாச்சு?" என்று சாப்பாட்டையும் மறந்து மறுபடி மறுபடி ஆட்டிப் பார்க்கிறாள் என்றால், அவளை வேறு படிப்புக்கு இழுக்காதீர்கள். புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறதே என எழுதிவிட்டுப் போனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்து வேலை. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் வாய்ப்பு குறைவு என்பது உண்மைதான். எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்தில் வீட்டுக்குச் சம்பளம் வந்தே ஆகவேண்டும் என்ற நிலைமை இருந்தால் இன்ஜினியரிங்தான் பொருந்தும்.

புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு எவ்வளவு டோஸ், எந்தக் கோணத்தில் என்று கணக்கிடுபவர் மருத்துவ இயற்பியலாளர். எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிறகு கதிரியல் இயற்பியல் டிப்ளமோ, அப்புறம் ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சி என்று அதற்கு வழி இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. பி.எட். முடித்து டீச்சர் ஆனால்தான் என்ன? தமிழில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நல்ல டீச்சர் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய பலம்.

எங்கே சேர்ப்பது? பக்கத்திலேயே பாலக்காடு விக்டோரியா கல்லூரி இருக்கிறது. கேரளத்தில் 2024 முதல் நான்கு வருடப் பட்டப்படிப்பு. மூன்று வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரவும் வழி உண்டு. கோவை அரசு கலைக் கல்லூரியும் நல்ல இடம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, பொதுப் பிரிவில்தான் பார்ப்பார்கள். மதிப்பெண் நன்றாக இருந்தால் திருவனந்தபுரம் விதுரையிலும் திருப்பதியிலும் இருக்கும் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும். ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு.

தமிழ் வழியில் படித்தவள் என்ற பயம் வேண்டாம். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். அவளுடைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தோடு தமிழ்நாடு அரசின் தமிழ் வழி பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சேர்க்கும் முன் கல்லூரி லேபை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர், ஒவ்வொருவரும் தானே அளவெடுக்க விடுகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். ஐந்தாறு பேர் சுற்றி நிற்க ஒருவர் மட்டும் அளவெடுக்கும் இடமாக இருந்தால், இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.