யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதா?

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறேன். ஆவணியில் அப்பா காலமானார். அந்தியேட்டி முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். இரவில் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது. அலுவலகத்தில் நடக்கும் தியான வகுப்பில் சேருவதா, உளவளத்துணையாளரிடம் போவதா? நண்பர்கள் அழைக்கிறார்கள். யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாததால் தொலைபேசியை எடுப்பதில்லை.

ஒரு வாசகன், கொழும்பு 06

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அதற்குள் எவ்வளவை அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. தியான வகுப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை, பிடித்தால் போங்கள். ஆனால் கடைசி வரியை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது.

அதை நீங்கள் பெருந்தன்மை என்று நினைக்கிறீர்கள். உங்கள் நண்பன் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு உங்கள் அழைப்பை எடுக்காமல் இருந்தால் உங்கள் மனம் என்ன பாடுபடும்? அவனுக்கு உதவும் உரிமை உங்களுக்கு வேண்டும், உங்களுக்கு உதவும் உரிமை மட்டும் அவனுக்குக் கூடாது என்றால், தம்பி, அதற்குப் பெயர் கர்வம். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் 423 வயோதிபத் தம்பதியரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஸ்டெபனி பிரவுனும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பிறருக்கு உதவி செய்துவந்தவர்களிடையே இறப்புக் குறைவாக இருந்தது. உதவியைப் பெற்றுக்கொண்டதால் மட்டும் அப்படியொரு நன்மை தெரியவில்லை. நண்பனைத் தள்ளிவைக்கும்போது அவனுக்கு நன்மை தரக்கூடிய ஒன்றையும் சேர்த்தே மறுக்கிறீர்கள்.

என் அம்மா இறந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை அல்லவா? கீழ்மாடியிலிருந்த சிங்களக் குடும்பத்து அக்கா விடியற்காலையில் பெரிய பிளாஸ்க் நிறையப் பிளேன்டீயைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டு, மணியடிக்காமலே இறங்கிப் போய்விடுவார். பக்கத்தில் ஒரு கடதாசிச் சரையில் சீனியும், தட்டிய இஞ்சித் துண்டுகளும் இருக்கும். அவர் வாயால் ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் மின்கட்டணத்தை அவருடைய கணவர் கட்டியிருந்ததை அடுத்த மாதப் பட்டியல் வந்தபோதுதான் கண்டோம்.

இப்படி ஓசையில்லாமல் வருகிற உதவியைப் பற்றி நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நியூயோர்க்கில் சட்டத்தரணிகளுக்கான பரீட்சைக்குத் தயாரானவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் நாள்தோறும் குறிப்பெழுதவைத்து, நியல் போல்கரும் சகாக்களும் 2000இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணைவர் செய்ததாக எழுதி, பரீட்சை எழுதுபவர் கவனிக்காமலே விட்ட உதவிதான் மனச்சோர்வை நன்றாகத் தணித்தது. கண்ணுக்குத் தெரிந்த உதவியோ சில வேளைகளில் மனத்தை மேலும் சோரவைத்தது. பிறரிடம் கடமைப்படுகிறோம் என்ற கூச்சம் பொல்லாதது. ஆகையால் உங்கள் தயக்கம் முழுக்க முழுக்க ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதால் அந்தக் கூச்சம் தீராது. கொடுக்கவும் வாங்கவும் இடமிருக்கிற ஒரு கூட்டத்துக்குள் போனால்தான், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கே மறந்துபோகும்.

நீங்கள் கணக்காளர். உங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்புக் கிளை இருந்தால், அதற்குக் கணக்கெழுத ஓர் ஆள் கட்டாயம் தேவைப்படும். இல்லையென்றால் பக்கத்துக் கோயிலில் அன்னதானத்துக்கு வாளி தூக்கவாவது ஆள் வேண்டும். போய்க் கேளுங்கள். அங்கே உங்கள் துயரத்தை யாரிடமும் விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் வராவிட்டால் ‘தம்பி எங்கே?’ என்று ஒருவர் கேட்பார், அது போதும். நண்பனை இன்று இரவே அழையுங்கள்.

உளவளத்துணையாளரிடமும் தாராளமாகப் போங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நெஞ்சுப் படபடப்பை மட்டும் நீங்களாகவே துக்கத்தின் கணக்கில் எழுதிவிடாமல், இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். நடுச்சாமத்தில் தாங்கமுடியாமல் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அன்புடன்.