சூடு காணாத பால்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸைத் தெரியாமல் இரண்டு வாரங்களுக்கு முன் சாப்பிட்டுவிட்டேன். இதுவரை உடம்புக்கு ஒன்றுமில்லை. மீதி சீஸ் ஃபிரிட்ஜில் இருக்கிறது. குளிரில் கிருமி வளராது என்கிறார்கள், அதைச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அதை இன்றே எறிந்துவிடுங்கள். வைத்திருந்த தட்டையும், வெட்டிய கத்தியையும், ஃபிரிட்ஜில் அது இருந்த அடுக்கையும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா. மற்ற கிருமிகளில் பல குளிரில் அடங்கிக் கிடக்கும். இதுவோ 4 டிகிரி செல்சியஸிலும் மெல்ல மெல்லப் பெருகும். ஈரம் மிகுந்து புளிப்புக் குறைந்த மென்மையான சீஸ் அதற்கு வாகான இடம். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்புவலியுமாக வந்து போகிற இந்தத் தொற்று, நஞ்சுக்கொடியைக் கடந்துவிட்டால் கருச்சிதைவையோ, குழந்தை இறந்து பிறப்பதையோ, பிறந்த சிசுவுக்கு மூளைக்காய்ச்சலையோ உண்டாக்கக்கூடும்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில், பதப்படுத்தாத, அதாவது கிருமி சாகும்படி சூடாக்காத பால் கலந்துவிட்ட மென்மையான சீஸால் 142 பேருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டது. 48 உயிர்கள் போயின. அவற்றில் 30, கருவிலிருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும்தான். அந்தத் தாய்மார்கள் யாரும் தெரிந்தே ஆபத்தைத் தேடிப் போனவர்கள் அல்லர்.

ஒருமுறை சாப்பிட்டதாலேயே தொற்று வந்துவிட்டதாக எண்ணிக் கலங்க வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அறிகுறி தென்படப் பத்து வாரங்கள்கூட ஆகலாம் என்பதால், அதுவரை காய்ச்சல், குளிர்நடுக்கம், உடம்புவலி என்று எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கே, 'காய்ச்சாத பாலில் செய்த சீஸ் சாப்பிட்டேன்' என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட வாய்ப்பு உண்டு; சொல்லிவிட்டால் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கர்ப்ப காலத்திலும் கொடுக்கக்கூடிய நல்ல மருந்துகள் இதற்கு இருக்கின்றன.

கேள்வி: தெரிந்தவர் வளர்க்கும் ஆரோக்கியமான மாட்டின் பாலைக் கறந்த சூட்டோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். காய்ச்சினால் சத்துப் போய்விடும் அல்லவா?

பதில்: உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் மாட்டின் ஆரோக்கியம் பாலுக்கு உத்தரவாதம் ஆகாது. மால்டா தீவில் பிரிட்டிஷ் படையினரை வாட்டிய விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் 1887ஆம் ஆண்டில் அறிவித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் 1905 வரை புலப்படவில்லை. மால்டாவைச் சேர்ந்த தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் ஆடுகளைச் சோதித்தபோதுதான், நோயின் சாயலே இல்லாத கொழுகொழு ஆடுகள் அதைச் சுமந்து திரிந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது. இன்று புருசெல்லோசிஸ் என்று நாம் சொல்லும் நோய் அதுவே.

பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் இன்னும் அஞ்சுவது ஈ.கோலை ஓ157 வகைக் கிருமியை. அது மாட்டின் குடலில் மாட்டுக்கு எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். மடியைக் கழுவிய பிறகும் காம்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாத சாணத் துணுக்கு ஒன்று பாத்திரத்தில் விழுந்தாலே போதும். பாலின் நிறமோ மணமோ சுவையோ மாறாது. சிறு பிள்ளைகள் சிலருக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கி, சில நாள்களில் சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் வரை கொண்டுபோய்விடும். மலத்தில் ரத்தம் கண்டால் வீட்டிலிருக்கும் ஆன்டிபயாட்டிக்கையோ வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சத்து விஷயம் சுருக்கமானது: சூட்டில் வைட்டமின் சி, பி1 போன்றவை ஓரளவு குறையும், கால்சியம் அப்படியே இருக்கும், புரதத்தின் சத்தும் பெரிதாகக் குறையாது. வைட்டமின் சிக்காக யாரும் பாலை நம்பியிருப்பதில்லை. பச்சைப் பாலில், பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி இருப்பதாகச் சொல்வதும் தவறு.

கேள்வி: நாள்பட்ட கெட்டியான சீஸில் பயமில்லை என்பது உண்மையா?

பதில்: பயம் குறைவு; இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. உப்பும் புளிப்பும் ஈரக்குறைவும் சேர்ந்து கிருமிகளை ஒடுக்கும். அமெரிக்காவில் பச்சைப் பால் சீஸைக் குறைந்தது 60 நாள் முதிரவிட வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் ஓ157 அதையும் தாண்டி உயிரோடிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் லேபிளில் 'பதப்படுத்திய பால்' என்று இருப்பதை மட்டுமே வாங்குவது நல்லது.

கேள்வி: வீட்டில் பாலை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?

பதில்: பாலைப் பதப்படுத்த ஆலையில் 72 டிகிரியில் 15 விநாடி அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் வைப்பார்கள். வீட்டில் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்துவிடாமல், தணலைக் குறைத்து, ஏடு படியாதபடி கரண்டியால் அடிவரை கிளறிக்கொண்டே ஓரிரு நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து விரைவாக ஆற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கறந்த பாலை மணிக்கணக்கில் வெளியில் வைத்துவிட்டுக் காய்ச்சுவதும் சரியல்ல; ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதற்குள் உண்டாக்கிவிட்ட நச்சு, பால் கொதித்தாலும் அழியாது. பச்சைப் பாலை ஊற்றிய குவளையைக் கழுவாமல் காய்ச்சிய பாலை மொள்ளாதீர்கள்.