சித்தூர் பக்கம் ஏன் போவதில்லை, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 52. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டில் சர்ஜன். 412 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். கடலைக்காட்டில் கூலி வேலை செய்தவரின் மகன் பெரிய சர்ஜன் ஆகிறான். பண ஆசையில் ஒரே ராத்திரியில் ஆபரேஷன் மேல் ஆபரேஷனாக எடுத்துக்கொள்கிறான். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றும் மாப் துணியை விட்டுத் தைத்துவிடுகிறான். இரண்டாவது ஆபரேஷனில்தான் அவள் பிழைக்கிறாள். "ஒண்ணு குறையுது சார்" என்று சொன்ன நர்ஸ் மேலேயே பழி விழுகிறது, வேலையும் போகிறது. கடைசியில் ஹீரோ மனம் மாறி அட்டப்பாடி மலைக்குப் போய் ஆதிவாசிகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கிறான். முடிவு ஒட்டவில்லை என்கிறார் மனைவி. ஹீரோவைச் சாகடித்துவிடலாமா? (கதைக்குக் கொஞ்சம் நிஜமும் உதவியது. அந்த சிஸ்டர் இப்போது சித்தூரில் தையல் கடை வைத்திருக்கிறார். 11 வருடமாக நான் அந்தப் பக்கம் போவதில்லை. மகளைச் சித்தூர் காலேஜில் கொண்டுவிடுவதுகூட மனைவிதான்.) - பெயர் வேண்டாம்.

பதில்: டாக்டர் தம்பி, "என் சிநேகிதனுக்கு ஒரு சிக்கல்" என்று தொடங்கும் கடிதங்கள் எனக்கு வாரத்துக்கு நாலாவது வரும். சிநேகிதன் யார் என்பது இரண்டாவது பாராவில் தெரிந்துவிடும். நீங்கள் படித்தவர், 412 பக்கம் எடுத்துக்கொண்டீர்கள்.

ஹீரோ சாகட்டும், பிழைக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, நான் அங்கேதான் நிற்கிறேன். சித்தூர் (ஆந்திராக்காரர்கள் குழம்ப வேண்டாம், இது பாலக்காட்டுச் சித்தூர்) உங்கள் தாலுகா தலைநகரம். தாலுகா ஆபீஸ் காரியம் எதுவானாலும் அங்கேதான் போகவேண்டும். பகவதி கோயில் கொங்கன்படைத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே திரளும். கொங்குப் படை தோற்ற கதையை நம் ஆட்களும் நின்று ரசித்துவிட்டு வருவார்கள். 11 வருடம் அந்த ஊரில் கால் வைக்காமலிருக்க ஒரு மனிதன் எத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டும்! மனைவியிடம் என்ன காரணம் சொன்னீர்கள்? "அப்பாவுக்கு ஆபரேஷன் இருக்கு" என்று எத்தனை காலையில் மகளை அனுப்பி வைத்தீர்கள்? நீங்கள் ஒளிந்துகொள்வதற்கு அந்த இருவரும் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"கொஞ்சம் நிஜம்" என்கிறீர்கள். எந்தக் கொஞ்சம்? "ஒண்ணு குறையுது சார்." இதைக் கற்பனையில் எழுத முடியாது, காதில் விழுந்திருக்க வேண்டும். எனக்கே தெரிந்த விஷயம் உங்களுக்குத் தெரியாதா? எண்ணிக்கை குறைந்தால் வயிற்றை மூடக்கூடாது. தேட வேண்டும், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகவே மாப்பில் ஒரு இழை வைத்துத் தைக்கிறார்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சர்ஜரி சரிபார்ப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போகும் முன் கருவி, துணி, ஊசிக் கணக்கை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. அந்த சிஸ்டர் சொன்னார். கேட்காமல் விட்டது யார்?

காலம் உங்கள் பக்கம் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. உள்நோயாளி ரெக்கார்டை 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். நுகர்வோர் வழக்குக்குப் பொதுவாக 2 வருடம்தான் கெடு. காகிதம் மக்கிப்போயிருக்கும். ஆனால் 1963இல் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இதே போல ஒரு மாப் தங்கி, அவர் இறந்துபோனார். அரசுதான் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 1996இல் தீர்ப்புச் சொன்னது. 33 வருடம் அந்தக் குடும்பம் விடவில்லை. உங்கள் சிஸ்டருக்குப் பின்னால் அப்படி ஒரு குடும்பம் இருந்ததா என்று விசாரித்தீர்களா? அந்த நோயாளி வீட்டில் இன்றைக்கும் யாரைச் சபிக்கிறார்கள்?

அட்டப்பாடிக்கு வருவோம். காசியில் பாதி கல்பாத்தி என்று உங்கள் பாலக்காட்டுக் கோயிலைச் சொல்வார்கள். உங்களுக்கு அட்டப்பாடி முழுக் காசியாகிவிட்டது. ஆதிவாசிகள் என்ன பாவம் செய்தார்கள், உங்கள் பாவத்தைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் இறக்க? முகம் தெரியாத நூறு பேருக்கு இலவச வைத்தியம் பார்ப்பது சுலபம், கும்பிடுவார்கள். முகம் தெரிந்த ஒருத்தியின் முன்னால் போய் நிற்பது கஷ்டம், கும்பிட மாட்டாள். உங்கள் மனைவிக்கு முடிவு ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிகிறதா? நல்ல வாசகி. முழு விஷயத்தையும் முதலில் அவரிடம் சொல்லுங்கள், அதுவும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள்.

அப்புறம் இருவருமாகச் சித்தூருக்குப் போங்கள். நாவலை எடுத்துப் போகாதீர்கள். பழக்கூடையும் வேண்டாம், துக்கத்துக்கா போகிறீர்கள்? எண்ணிக்கை சரியாகச் சொன்னவர் அவர்தான், மூடச் சொன்னவன் நான் என்று அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குக் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை அவர் கையில் கொடுங்கள். சம்பளக் கணக்கையும் போடுங்கள். 11 வருடம் என்றால் 132 மாதம். அது தருமம் என்று நினைத்துக் கொடுத்தால் முகத்தில் வீசுவார், வீச வேண்டும். அது நீங்கள் பட்ட கடன்.

வக்கீலைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. அதையே சாக்காக்கி இன்னும் ஒரு வருடம் ஓட்டாதீர்கள்.

அவர் கத்தலாம், போலீசுக்குப் போகலாம், மெஷினை நிறுத்தாமல் தைத்துக்கொண்டே உங்களை நிற்க வைக்கலாம். நில்லுங்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை முதல் நாளே எடுக்காதீர்கள். அதைக் கேட்பதும் அவர் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துவதுதான்.

நாவலை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் படிக்க வேண்டும். வேண்டாம் என்றால் 412 பக்கமும் பரணுக்குப் போகட்டும்.

சரி, திங்கட்கிழமை மகளைக் காலேஜில் விடுவது யார்?