பட்டறையில் பிறந்த கருவியைப் பூட்டி வைப்பதா, ஊருக்குக் கொடுப்பதா?

கேள்வி: பவானிக்கு அருகே இருபத்தாறு ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தி வருகிறேன். மஞ்சளை வேகவைப்பதற்கு முன் கிழங்கிலிருந்து விரலியைக் கையால் பிரித்தெடுக்கும் வேலைக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை என்பதால், அதற்கென ஒரு சிறிய கருவி செய்தேன். முதலில் உருளையில் வைத்த இரும்புப் பற்கள் விரலியை நடுவில் முறித்து உடைசலாக்கின. களத்து வேலைக்கு வந்திருந்த அம்மா ஒருவர், “இரும்பு படாம ரப்பரைச் சுத்திப் பாருங்க” என்றார். பழைய டியூப்பை வெட்டிச் சுற்றியதும் சரியாகிவிட்டது. கடந்த தை, மாசியில் மூன்று விவசாயிகளிடம் பணம் வாங்காமல் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அவர்களில் ஒருவரின் மகன் அதைக் காணொளியாக எடுத்து யூடியூபில் போட அனுமதி கேட்கிறான். பொறியியல் படிக்கும் என் மகள், முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி யாரிடமும் எதையும் மறைத்தவர் அல்லர். அவரிடம் கற்ற தொழிலில் பிறந்த ஒன்றை ‘என்னுடையது’ என்று பூட்டி வைப்பது நியாயமா?
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புள்ள ஐயா, நீங்கள் கேட்டிருப்பது நியாயத்தைப் பற்றிய கேள்வி. அதற்குள் போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பியிடம் காணொளியை இன்னும் சில வாரங்கள் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் உலகில் எங்காவது வெளியாகிவிட்ட ஒன்றை நம் காப்புரிமைச் சட்டம் புதியது என்று ஏற்பதில்லை. வெளியிட்டவர் நீங்களாகவே இருந்தாலும், உங்கள் அனுமதியோடு வேறொருவர் வெளியிட்டிருந்தாலும், பெரும்பாலும் அதே கதிதான். பத்து நிமிடக் காணொளி ஒன்று, இப்போது உங்கள் கையில் இருக்கும் இரண்டு வழிகளில் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிடும். எந்த வழியில் போவது என்று நிதானமாக முடிவெடுக்கும் வரையிலாவது இரண்டும் திறந்திருக்கட்டும்.

மூன்று விவசாயிகளிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்ததை எண்ணிக் கலங்க வேண்டாம். நியாயமான சோதனைக்காக மட்டும், பொது இடத்தில் வைத்து ஓட்டித்தான் பார்க்க முடியும் என்ற தேவை இருந்ததால், கண்டுபிடித்தவரோ அவர் சம்மதத்தோடு பிறரோ பயன்படுத்தியிருந்தால், அதன் பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும்வரை அந்தப் பயன்பாட்டை மட்டும் காரணம் காட்டிப் புதுமை போய்விட்டதாகச் சொல்ல முடியாது என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு கூறுகிறது. மஞ்சள் கருவியைக் களத்தில் வைத்துத்தானே ஓட்டிப் பார்க்க முடியும்? நீங்கள் பணம் வாங்காததும் இங்கே உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அந்த ஓராண்டு தையிலேயே ஓடத் தொடங்கிவிட்டது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மேஸ்திரிக்கு வருகிறேன். நீங்கள் காப்புரிமையை ஒரு பூட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிறுவயதில் பார்த்த உண்மையான பூட்டு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த பட்டறையில் ஒரு பெரியவர் எண்ணெய்ச் செக்குக்கான பல்சக்கரங்களைச் செய்துவந்தார். அவர் செய்த செக்கில் சத்தமே இருக்காது. யாராவது உள்ளே நுழைந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, நீல நிறத் தார்ப்பாயை இழுத்து இயந்திரத்தின் மேல் போர்த்திவிட்டுத்தான் “என்னங்க?” என்று கேட்பார். சொந்த மகன் வந்தாலும் அப்படித்தான். எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல், எந்தக் கோணத்தில் அறுக்க வேண்டும் என்ற கணக்கை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகு அந்தச் செக்குகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றன, அவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் கெட்டவர் அல்லர். சொன்னால் பறிபோய்விடும் என்ற பயம் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் காப்புரிமை என்ற ஏற்பாடே வந்தது. தார்ப்பாயை எடுத்து உலகுக்குக் காட்டு, அதற்கு ஈடாக 20 ஆண்டுகள் உன் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்து விற்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அரசு கண்டுபிடித்தவரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. உங்கள் விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடப்படும், அதன்பின் யார் வேண்டுமானாலும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நீங்கள் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த செய்முறையையே அதில் எழுத வேண்டும் என்றும் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ரப்பரின் தடிமனையோ உருளையின் வேகத்தையோ வேண்டுமென்றே மறைத்தால் காப்புரிமையையே ரத்துசெய்ய இடமுண்டு. 20 ஆண்டுகள் முடிந்த மறுநாள் அது ஊர்ச் சொத்து. அதற்கு முன்பேகூட, ஆய்வுக்காகவும் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காகவும் உங்கள் கருவியைச் செய்து பார்க்க எவருக்கும் 47-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் மேஸ்திரி பட்டறையில் செய்ததை, அவரை நேரில் அறியாதவர்களுக்கும் எட்டும்படி எழுத்தில் செய்வது இது. அவர் இதைக் குறை சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பகிர்வதற்காகவே காப்புரிமை பெற்றவர்களும் உண்டு. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-இல் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு டாலர்தான் வாங்கப் போகிறார்கள் என்றால் காப்புரிமை எதற்கு என்று தோன்றலாம். அவர்கள் விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், வேறொருவர் முந்திக்கொண்டு அந்த மருந்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்திருக்கக்கூடும். அதைத் தடுக்கவே அவர்கள் உரிமையைக் கையில் எடுத்தார்கள்.

மஞ்சள் விளையும் மண்ணிலிருந்து எழுதும் உங்களுக்கு இது வேறு விதத்திலும் பொருந்தும். புண்ணுக்கு மஞ்சள் பூசி ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வழக்காடியதால் 1997-இல் அது ரத்தானது. அந்த வழக்கில் வென்று கொடுத்தது எது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நம் பாட்டிமார் எல்லோரும் மஞ்சள் பூசியது அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. வெளிநாட்டில் வாய்வழியாகவும் கைப்பழக்கமாகவும் இருந்த அறிவை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அச்சில் இருந்தால் மட்டுமே எடுத்துக்கொள்ளும். பழைய வடமொழி நூல், 1953-இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை என 32 எழுத்துச் சான்றுகளைத் தேடி எடுத்து வைத்த பிறகே காப்புரிமை வீழ்ந்தது. தமிழில் உள்ள சித்த மருத்துவ நூல்கள் உட்பட நம் மரபு மருத்துவக் குறிப்புகளை உலகக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கும் மொழிகளில் தொகுக்கும் மின்னூலகம் 2001-இல் தொடங்கப்பட்டதும் இந்தப் பாடத்தால்தான்.

ஆகவே, காப்புரிமையே வேண்டாம், ஊருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், வாய்வார்த்தையாகக் கொடுத்துவிடாதீர்கள். அளவுகள், படங்கள், ஓடும் முறை அனைத்தையும் எழுதி, தேதி தெளிவாகத் தெரியும்படி வெளியிடுங்கள். பிறகு வேறொருவர் அதே கருவிக்கு உரிமை கேட்டு வந்தால், அதுவே அவரை மறிக்கும் சான்றாக நிற்கும். இதுவும் மதிப்புக்குரிய வழி. இதைத் தேர்ந்தெடுத்தால் உங்களைக் குறைவாக நினைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

உங்கள் மகள் சொல்லாத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். காப்புரிமை புதுமையை வளர்த்த இடங்களைப் போலவே, அதை நெரித்த இடங்களும் வரலாற்றில் இருக்கின்றன. ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்கு 1769-இல் பெற்ற காப்புரிமையை, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1775-இல் தனிச்சட்டம் போட்டு 1800 வரை நீட்டித்தது. கார்ன்வால் பகுதியின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க அந்த எந்திரங்கள்தாம் ஓடின. மிச்சமாகும் எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சுரங்கக்காரர்கள் வாட்டின் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அதே ஊரைச் சேர்ந்த ஜோனதன் ஹார்ன்புளோவர் இரண்டு உருளைகள் கொண்ட மேம்பட்ட எந்திரத்தைச் செய்தபோது, வாட்டின் காப்புரிமையே அவரை வழிமறித்தது. காப்புரிமை முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1811-இல், அவ்வூர்ச் சுரங்க மேலாளர்கள் ஒன்று கூடி ஒவ்வொரு சுரங்கத்தின் எந்திரமும் குறிப்பிட்ட அளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைக்கிறது, அதன் அமைப்பு என்ன என்பதையெல்லாம் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார்கள். ஜோயல் லீன் என்பவர் அதைத் தொகுத்தார். யார் செய்த மாற்றம் பலித்தது, யாருடையது பலிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெரும்பாலோர் காப்புரிமை கேட்கவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்குள் அந்த எந்திரங்களின் சராசரித் திறன் சுமார் மூன்று மடங்கானது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஒரே ஊரில் ஒரே தொழிலைச் செய்யும் பலர், ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போகும் இடத்தில், முதலில் வந்தவர் எல்லாக் கதவுகளையும் அடைத்துக்கொள்வது கேடு. ஈரோட்டிலும் கோவையிலும் உள்ள பட்டறைகள் அப்படிப்பட்டவைதாம். அதனால் விண்ணப்பம் எழுதும்போது பேராசைப்படும் காப்புரிமை முகவரிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். சுழலும் உருளை, சல்லடை, மோட்டார், பெல்ட் எல்லாம் உங்களுக்கு முன்பே ஊரில் இருந்தவை, அவை உங்கள் மேஸ்திரி தந்தவை. தெரிந்த பாகங்களை வெறுமனே பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைப்பது கண்டுபிடிப்பாகாது என்று சட்டமும் சொல்கிறது. விரலியை முறிக்காமல் கிழங்கை விட்டு விலக்கும் அந்த ரப்பர் அமைப்பும், உருளைக்கும் தட்டுக்கும் இடையே நீங்கள் கண்டறிந்த இடைவெளியும் மட்டுமே உங்கள் பங்கு. அதை மட்டும் கேளுங்கள்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ‘புரொவிஷனல்’ எனப்படும் தற்காலிக விவரக்குறிப்போடு, தமிழ்நாட்டுக்குரிய கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், முகவர் கட்டணம் தனி. அன்றைய தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும், அதன்பின் காணொளி வெளியானாலும் அதில் காட்டியவற்றை விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் வரை பாதகமில்லை. 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த அவகாசத்தில் ஒரு முழுப் பருவம் ஓட்டிப் பார்த்து, செலவுக்குத் தகுமா என்று முடிவெடுக்கலாம். அடித்தட்டுக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை பெறுவதிலும் உதவும், 2000-இல் குஜராத்தில் தொடங்கிய நேஷனல் இன்னொவேஷன் ஃபவுண்டேஷன் என்ற அரசு சார்ந்த அமைப்புக்கும் எழுதுங்கள்.

காப்புரிமைச் சான்றிதழ் யாரையும் தானாகத் தடுத்து நிறுத்தாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நகல் செய்து விற்பவர் மேல் மாவட்ட நீதிமன்றத்திலோ அதற்கு மேலோ நீங்கள்தான் வழக்குப் போட வேண்டும். பட்டறையை விட்டுவிட்டு அலைய உங்களால் முடியாது. அதனால் துரத்துவதைக் காட்டிலும் அழைத்துச் சேர்த்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய நிறுவனங்களுக்கு விற்காமல் பெண்கள் சுயஉதவிக் குழுக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். கையில் உரிமை இருந்ததால்தான் யாருக்குக் கொடுப்பது என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது. நீங்களும் கோபி, சத்தியமங்கலம், சேலம் பக்கத்துச் சிறு பட்டறைகளுக்குக் கருவிக்கு இவ்வளவு என்று சிறு தொகை பேசி, எழுத்தில் அனுமதி கொடுக்கலாம். தன் தோட்டத்துக்கு மட்டும் செய்துகொள்ளும் விவசாயியிடம் எதுவும் கேட்காமல் விட்டுவிடலாம். காப்புரிமை உங்கள் பெயரில் இருக்கும்போது அந்தத் தாராளத்தை நீங்களே எழுதி வைக்கலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன அந்த அம்மாவைப் பற்றி. விரலி முறியாமல் வருவதற்குக் காரணமான யோசனை அவருடையது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உரிமை கேட்கப் போகும் பகுதியும் அதுவே. விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் கண்டுபிடிப்பாளர் யார் யார் என்று எழுத ஓர் இடம் இருக்கிறது, உண்மையான கண்டுபிடிப்பாளரின் பெயரை அங்கே எழுதாமல் விடுவது சட்டப்படியும் தவறு. ரப்பரைச் சுற்றலாம் என்ற யோசனை மட்டும் அவருடையதா, எப்படிச் சுற்றுவது என்பதையும் சேர்ந்து கண்டீர்களா என்று முகவர் கேட்பார். நினைவில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். அவருடைய பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. இந்தப் பருவத்துக்கு அவர் யார் களத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று அந்த விவசாயியிடம் விசாரித்து, உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். பெயரை எப்படி எழுதுவது என்று அவரிடமே கேட்டு, வருமானம் வந்தால் அவருக்கு என்ன பங்கு என்பதையும் அன்றே பேசி எழுதிக்கொண்டு, அதன் பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.