ரசமணி ஊறிய பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கோண்டாவில் வாசகி ஒருவர் கேட்கிறார்: வீடு தேடி வந்த ஒருவரிடம் மாமனார் வாங்கிய ரசமணியை (பாதரசத்தைக் கட்டி, அதாவது கெட்டியாக்கிச் செய்த மணியை) இரவில் பாலில் போட்டு, காலையில் அந்தப் பாலை ஆறு வயது மகனுக்குக் கொடுக்கிறார்கள், மணியைக் கோத்து அணிந்த தங்கச் சங்கிலியிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றியுள்ளன. "கட்டிய பாதரசத்தில் நஞ்சில்லை" என்று விற்றவர் சொன்னது உண்மையா?

உண்மையன்று. பாலை இன்றோடு நிறுத்துங்கள்.

தனிப் பாதரசம் உறைவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்தில் கெட்டியாக இருக்கும் எந்த மணியும் துருசிலிருந்து (மயில்துத்தத்திலிருந்து) வந்த செம்போ, வெள்ளீயமோ, சிலவேளை ஈயமோ, வேறு உலோகமோ சேர்ந்த கலவைதான். கலந்துவிட்டதால் பாதரசத்தின் குணம் மாறிவிடாது. நிறமும் மணமும் இல்லாத ஆவி அதிலிருந்து மெல்ல வெளியேறிக்கொண்டேயிருக்கும். சுவாசிக்கும் ஆவியில் ஏறத்தாழ 80 வீதத்தை நுரையீரல் உள்வாங்கி, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், கர்ப்பிணியாயின் சிசுவுக்கும் அனுப்பிவிடும்.

உடைந்த வெப்பமானியின் பாதரசத்தை விழுங்கிய பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விற்பவர்கள் வாதிடுவார்கள். திரவப் பாதரசத்தைக் குடல் மிகச் சிறிதளவே உறிஞ்சுவதால், ஒருமுறை விழுங்கிய துளி பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும் என்பது சரியே. ஆனால் அது ஒருமுறை நேர்ந்த விபத்துக்கு மட்டுமே பொருந்தும். மணியிலுள்ள பிற உலோகங்கள் நாள்தோறும் பாலில் கரைவதற்கோ, அறையில் சேரும் ஆவிக்கோ அந்த விதிவிலக்கு இல்லை.

சங்கிலியின் வெள்ளைத் திட்டு, தங்கத்தில் பாதரசம் ஏறிவிட்டதற்கான அடையாளம். அதைத் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். 357 பாகையில் பாதரசம் கொதிக்கும். பத்தரின் ஊதுகுழல் சுவாலை அதைவிடப் பல மடங்கு சூடானது. கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் கொடுத்தாலும், இது பாதரசம் பட்ட நகை என்று முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்தால், பட்டறையில் இருப்பவர்தான் அந்த ஆவியைச் சுவாசிப்பார்.

மிளகாய்த்தூளில் கலப்படம் தேடும் நாட்டில், இந்த மணிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவரை எவரும் கேட்பதில்லை. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும், இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா சர்வதேச உடன்படிக்கைகூட, மரபு, சமயத் தேவைகளுக்கான பொருட்களைத் தன் தடைப்பட்டியலுக்கு வெளியே விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். பதிவுபெற்ற சித்த மருத்துவர் எவரும் படலையடியில் நின்று மணி விற்பதில்லை.

மணியை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, பிள்ளைக்கு எட்டாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். கிணற்றிலோ மலசலகூடக் குழியிலோ எறியாதீர்கள். நம் சுண்ணக்கல் நிலத்தில் கீழே போவது அயலவரின் கிணற்றுக்கும் போகும். பிள்ளையை யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்று, எத்தனை மாதம் அந்தப் பாலைக் குடித்தான் என்பதை மறைக்காமல் சொல்லி, சிறுநீரில் பாதரசத்தையும் இரத்தத்தில் ஈயத்தையும் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.