எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலைதான் எங்களுக்கு வருமானம். மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி சேர ஆசைப்படுகிறாள். ஹாஸ்டலோடு 4 லட்சம் ஆகும். தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் மாதிரி இடத்தில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறாள். கோவை அரசு கலைக் கல்லூரியில் வேதியியலே படிக்கட்டும், துடியலூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்கிறார் அவள் அப்பா. நகையை அடகு வைக்கவும் நான் தயார். எது சரி?

பதில்: அம்மா, நான் வேதியியல் பக்கம்தான்.

வேலை விளம்பரங்களில் 'கல்வித் தகுதி' என்ற வரியை மகளையே படிக்கச் சொல்லுங்கள். மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, திருப்பூர் சாயப்பட்டறை, குடிநீர்ப் பரிசோதனைக் கூடம், உணவுப் பொருள் ஆய்வகம் என்று எங்கே பார்த்தாலும் வேதியியல் இருக்கும். பி.எட். முடித்தால் அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வும் எழுதலாம். அதற்கு இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இப்போது பாடம் மாறினால் அந்த வழி அடைபடும். பயோடெக்னாலஜியில் நல்ல வேலைகள் பலவும் பிஎச்.டி. கேட்பவை. அதுவரை குடும்பம் தாங்குமா என்று யோசியுங்கள். பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-லிருந்து நம் மலைக்குப் பெருமை சேர்க்கும் இடம்தான், ஆனால் ஒரே நிறுவனத்தை நம்பி இரண்டு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எந்தக் கல்லூரியானாலும் சேரும் முன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். மருந்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி ஓடுகிறதா, மாணவர்கள் கையாலேயே இயக்குகிறார்களா, கடைசி செமஸ்டர் புராஜெக்டைக் கம்பெனியில் செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். மருந்து கம்பெனி நேர்காணலில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

இப்போது கணக்கு. வருடத்துக்கு 2 லட்சமாக 4 லட்சம் கல்விக் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு வருடம், பிறகு ஒரு வருட அவகாசம். அதுவரை வட்டி கட்டாவிட்டால் தனிவட்டியே 1 லட்சம் சேர்ந்துவிடும். அந்த 5 லட்சத்தை 7 வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,300 ரூபாய் தவணை. முதல் சம்பளம் 18,000 என்றால் கிட்டத்தட்ட பாதி அதிலேயே போய்விடும். அப்புறம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்வாள்?

நகையைத் தொடவே வேண்டாம். நகைக்கடனைப் பொதுவாக ஓராண்டில் அடைக்கவோ புதுப்பிக்கவோ வேண்டியிருக்கும். படிப்போ இரண்டு வருடம். பச்சைத் தேயிலை விலை சரியும் மாதத்தில் வட்டிக்கு எங்கே போவீர்கள்? கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி என்ற அரசு இணையதளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே கிடைக்கும். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகள் பக்கம் நிற்பேன். அவளுக்கு உண்மையிலேயே ஆராய்ச்சிதான் ஆசை என்றால் தடுக்காதீர்கள். ஆனால் அதற்கு 4 லட்சம் தேவையில்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி போன்ற படிப்புகளுக்கு கேட்-பி நுழைவுத் தேர்வு இருக்கிறது, அங்கே மாத உதவித்தொகையும் உண்டு. வேதியியல் எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் பிஎச்.டி. செய்யும்போது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும். இரண்டில் எதற்குத் தயாராவது என்று அவளே முடிவு செய்யட்டும்.