கடலில் தம்பியை இழந்த பிறகு ஜெபிக்க முடியவில்லை, என்ன செய்வது?

திருகோணமலையில் தொழிலுக்குப் போன தம்பி கரை திரும்பவில்லை, ஜெபிக்க முழங்காலிட்டால் கோபம்தான் வருகிறது, விசுவாசத்தில் ஆறுதல் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கோபத்தோடேயே ஜெபியுங்கள். யோவான் 11ஆம் அதிகாரத்தில் சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாள், "நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று இயேசுவின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அப்புறம் அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்லி அழுகிறாள். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போவது தெரிந்தும் அவரே அழுதார். "கடவுள் சித்தம், அழாதே" என்று சொல்ல வருபவர்கள் இந்த இடத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். சங்கீதம் 88 இன்னும் கடுமை: யாருமில்லாத தனிமையிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

வாய் வராத நாளில் சும்மா கோயிலில் போய் இருங்கள், மற்றவர்கள் உங்களுக்காகச் சொல்வார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாம், பங்குச் சுவாமியாரிடம் கேளுங்கள். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் குடும்பக் கல்லறையில் அவனுக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். நித்திரை, சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் போனால் டாக்டரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.